கர்ப்பகால உடைகள்: உடுத்திப் பார்த்து எழுதிய மதிப்பீடு

கர்ப்பிணிகளுக்கென்று தனி அலமாரியில் மாட்டி விற்கப்படும் உடைகளில் பல, கர்ப்பிணியின் உடலைக் கருத்தில் கொண்டு வெட்டப்பட்டவை அல்ல. வழக்கமான குர்த்தியையே இரண்டு அளவு பெரிதாகத் தைத்து, மார்பின் இருபுறமும் ஜிப் வைத்து, விலையைக் கூட்டி விற்கிறார்கள். அதை உடுத்தினால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும். கழுத்து அகன்று உள்ளாடைப் பட்டி வெளியே தெரியும். வயிறு இருக்கும் இடத்தில் மட்டும் துணி இழுபடும். கர்ப்பத்தில் தோளின் அகலம் கூடுவதில்லை. மார்பு பெருக்கிறது, விலாக்கூடு சற்று விரிகிறது, வயிறு முன்னோக்கி வளர்கிறது, முதுகு அதற்கேற்ப வளைகிறது. இந்த மாற்றங்களை எந்த உடை மதித்துத் தைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் வாங்கிய உடைகளையும், தைத்து வாங்கியவற்றையும் இங்கே மதிப்பிடுகிறேன். கடைகளின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் எழுதவில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு உடைகள்கூட ஒரே தரத்தில் இல்லை என்பதால், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வதே பயனுள்ளது என்று கருதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் அலுவலக வேலைக்குப் போகிறவள். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன்பு எடுத்துக்கொள்ளக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். குழந்தை பிறந்த பிறகு அதோடு கூடுதல் நாட்கள் இருக்க வேண்டும் என்பதற்காக, வேலைக்குப் போகும் பெண்களில் பலர் அந்த எட்டு வாரத்தையும் சுருக்கிக்கொண்டு, வயிறு நன்றாகத் தெரியும் காலத்திலும் பேருந்தில் ஏறி இறங்கி, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். வீட்டில் நைட்டி போதும். அலுவலகத்துக்கு அது ஆகாது. ஆகவே நான் தேடியது, எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அழுத்தாத, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலும் கசங்கித் தொங்காத உடை.

"இந்த நாலு மாசத்துக்கு எதுக்குடி தனியா துணி? என் பழைய நைட்டியும் அவரோட சட்டையும் போதாதா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். அவர்கள் காலத்தில் அப்படித்தான் ஓட்டினார்கள் என்பதும், அதில் அன்பும் சிக்கனமும் கலந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குமட்டல், முதுகுவலி, தூக்கமின்மை, கால் வீக்கம் என்று உடம்பு தன் வசத்தில் இல்லாத காலம் அது. அந்தக் காலத்தில் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பெண்ணுக்கு, தனக்கென்று அளவெடுத்த ஓர் உடை தரும் தெம்பு சிறியதல்ல. கல்யாணத்துக்கு ஒருநாள் கட்டிவிட்டு மடித்து வைக்கும் பட்டுக்குச் செலவிடத் தயங்காத குடும்பங்கள், மாதக்கணக்கில் தினமும் உடுத்தும் உடைக்குத் தயங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எப்போது வாங்குவது என்பதை உடலே சொல்லிவிடும். ஏறக்குறைய 12ஆம் வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே இருக்கிறது. 20ஆம் வாரத்தை ஒட்டி அது தொப்புள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் வயிறு தெரியாவிட்டாலும், உப்புசத்தால் இடுப்புப் பட்டி இறுக்கும். அதற்கு நாடா வைத்த சுடிதார் பேண்ட்டைத் தளர்த்திக் கட்டினாலே போதும். நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் தனி உடை தேவைப்படுகிறது. அதற்கு முன்பே மொத்தமாக வாங்கி அடுக்குவதில் பயனில்லை. வயிறு உயர்ந்து நிற்குமா, அகலமாகப் படருமா, இடுப்பு எவ்வளவு விரியும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

முதலில் லெகிங்ஸ். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் பனியன் துணி உடைகளுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பகால லெகிங்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வயிற்றை முழுவதும் மூடி மார்புக்குக் கீழே வரை ஏறும் அகலமான பட்டி கொண்டது. மற்றது, வயிற்றுக்குக் கீழே 'வி' வடிவில் இறங்கி, அடிவயிற்றைத் தாங்கி நிற்பது. கடையில் முதல் வகையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு அது நல்லது. வயிற்றைக் கையில் ஏந்தியதைப் போல ஒரு பிடிப்பு கிடைக்கிறது, மேலே போடும் குர்த்தி மெல்லியதாக இருந்தாலும் தொப்புள் மேடு துருத்தித் தெரிவதில்லை. ஆனால் சித்திரை வெயிலில், வயிற்றின் மேல் இன்னோர் அடுக்குத் துணி என்பது தாங்க முடியாதது. கர்ப்பத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி அளவுக்குக் கூடுகிறது, தோலில் எப்போதும் சூடும் வியர்வையும் இருக்கும்; அந்த வியர்வை பட்டியின் மடிப்பில் தேங்கி, மாலையில் சிவந்த கோடாக நிற்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் உயர்ந்த பட்டி ஒத்துவராது, ஏனென்றால் உட்காரும்போது அது சரியாக இரைப்பையின் மேல் அழுத்துகிறது. எனக்கு இரண்டாவது வகையே நாளெல்லாம் உடுத்த முடிந்தது.

வாங்கும்போது மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன். பட்டியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: நல்ல தயாரிப்பில் பக்கவாட்டில் சிறு திறப்பு இருக்கும், அதற்குள் துளைகள் கொண்ட இலாஸ்டிக் ஓடும், உள்ளே ஒரு பொத்தான் தைக்கப்பட்டிருக்கும். வயிறு வளர வளர அந்த இலாஸ்டிக்கை ஒரு துளை, இரண்டு துளை என்று தளர்த்திக்கொள்ளலாம், பிரசவத்துக்குப் பிறகு இறுக்கிக்கொள்ளலாம். இது இல்லாத லெகிங்ஸ் ஆறாம் மாதத்தில் சரியாக இருந்தால் எட்டாம் மாதத்தில் இறுக்கும். அடுத்து, பட்டியும் கால்பகுதியும் சேரும் தையல். அது தட்டையாக இருக்க வேண்டும். தடித்த ஓவர்லாக் தையலாக இருந்தால் அடிவயிற்றில் பட்டுப் பட்டுத் தோல் உரியும். மூன்றாவது, துணி. கையை உள்ளே விட்டு விரல்களை விரித்துப் பாருங்கள். விரல் முட்டியின் நிறம் வெளியே தெரிந்தால், வயிறும் தொடையும் விரியும்போது அது கண்ணாடியாகிவிடும். கையை எடுத்ததும் துணி பழைய நிலைக்குச் சுருங்க வேண்டும். தொய்ந்து நின்றால், இழுபட்டுச் சுருங்கும் இழையான லைக்ரா குறைவு என்று பொருள். பருத்தி 95 விழுக்காடும் லைக்ரா 5 விழுக்காடும் கலந்த, கையில் கனம் தெரியும் துணி எனக்கு நன்றாக உழைத்தது. வழுவழுப்பும் பளபளப்பும் காட்டும் பாலியெஸ்டர் கலவை துவைக்க எளிது, விரைவில் உலரும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குர்த்திக்கு வருகிறேன். கர்ப்பகாலத்திலும் பிறகு பாலூட்டும் காலத்திலும் போடலாம் என்று சொல்லி விற்கப்படும் ஜிப் வைத்த குர்த்திகள்தாம் இந்த வகையில் அதிகம் விற்பனையாகின்றன. கருத்தளவில் அவை சிறந்த உடைதான். நான் வாங்கியவற்றுள் ஒன்று மிகவும் பிடித்துப்போய், குழந்தை பிறந்த பின்னும் வெளியே போகும்போதெல்லாம் அதையே எடுக்கிறேன். மார்புக்குக் கீழே கோடு போட்டாற்போல் தையல், அதிலிருந்து முன்பக்கத்துக்கு மட்டும் சிறுசிறு மடிப்புகள், பின்பக்கம் வழக்கமான வெட்டு. மடிப்பு முன்னால் மட்டும் இருப்பதால் வயிற்றுக்கு இடம் கிடைக்கிறது, முதுகு கூடாரமாகத் தெரிவதில்லை. தோள் என் பழைய அளவிலேயே நிற்கிறது. இன்னொன்று கவனிக்கத்தக்கது, அதன் முன்நீளம் பின்நீளத்தைவிட ஏறக்குறைய இரண்டு விரற்கடை அதிகம். வயிறு துணியை மேலே தூக்கும் என்பதை அறிந்து வெட்டிய கை அது. சாதாரணக் குர்த்தியைப் பெரிய அளவில் வாங்கிப் போட்டால் எட்டாம் மாதத்தில் முன்பக்கம் முழங்காலுக்கு மேல் ஏறிவிடும், பின்பக்கம் கெண்டைக்காலில் தொங்கும்.

மற்றொரு குர்த்தி இதற்கு நேரெதிர். படத்தில் அழகாக இருந்தது, நிறமும் சாயம் போகவில்லை. ஆனால் மார்புத் தையலுக்குள் மறைத்து வைத்த ஜிப்பின் பற்களுக்குப் பின்னால் தடுப்புத் துணி இல்லை. மார்புக் காம்புகள் ஏற்கெனவே நொந்திருக்கும் காலத்தில், அந்தப் பற்கள் உரசுவதை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது. ஜிப்பின் திறப்பும் ஒரு சாண் நீளம்கூட இல்லை, குழந்தையின் முகத்தை அதற்குள் கொண்டுவரவே முடியாது. ஜிப்பை ஒரு கையால் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மறு கையில் அழும் குழந்தை இருக்கும். இழுக்கும் நுனி சற்றுப் பெரிதாக, துணியால் மூடப்பட்டிருப்பது நல்லது. உலோக ஜிப்பைவிட மெல்லிய நைலான் ஜிப் உடலில் உறுத்துவதில்லை. துணியைப் பொறுத்தவரை ரேயான் விழும் அழகு தனிதான், ஆனால் முதல் துவையலில் சுருங்கும்; வாங்கினால் நீளத்தைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டும். மெல்லிய பருத்தி கசங்கும், ஆனால் காற்று புகும். எனக்குப் பருத்திதான்.

ஆயத்த உடைகளையெல்லாம்விட எனக்கு அதிகப் பயன் தந்தது, எங்கள் தெருவில் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் வேலை. அலுவலகத்தில் வாரத்தில் சில நாள் புடவை கட்டுகிறவள் நான். ஐந்தாம் மாதமே என் ரவிக்கைகள் கொக்கி மாட்ட முடியாமல் போயின. புது ரவிக்கைகள் தைக்கலாம் என்று துணியோடு போனேன். அவர் அளவு ரவிக்கையை வாங்கி, உள்பக்கத்தைத் திருப்பி, விளிம்பில் மிச்சம் விட்டிருந்த துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலயே இடம் இருக்குது கண்ணு. இப்ப ஒரு தையலைப் பிரிச்சுத் தர்றேன், ஏழாம் மாசம் வந்தா இன்னொண்ணு பிரிக்கலாம். புதுசு எதுக்கு?" என்றார். நம் ஊரில் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் உள்ளே போட்டுக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு தொலைநோக்குடையது என்பதைக் கர்ப்பிணிகள்தாம் முழுமையாக அறிவார்கள். ஒரு தையலைப் பிரித்தால் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஓர் அங்குலம் கிடைக்கிறது. மிச்சத் துணி இல்லாத ரவிக்கைகளில் கைக்குழியின் கீழே, அதே நிறப் பனியன் துணியில் ஒரு சிறு முக்கோணம் வைத்து இணைத்தார். கையைத் தூக்கினால் அது விரிந்து கொடுக்கிறது, இறக்கினால் வெளியே தெரிவதில்லை.

அவர் செய்த இன்னொரு மாற்றம் உள்பாவாடையில். புடவை கட்டும் கர்ப்பிணிக்கு உண்மையான இடைஞ்சல் புடவையில் இல்லை, நாடாவில்தான் இருக்கிறது. புடவையின் கனம் முழுவதும் ஒரு கயிற்றின் மேல் நிற்கிறது. அந்தக் கயிறு வயிற்றின் மேல் வெட்டினால் வலி, கீழே இறக்கிக் கட்டினால் நழுவல். அவர் நாடா பட்டியை வெட்டியெடுத்துவிட்டு, ஒரு கையகலத்துக்குப் பனியன் துணியை மடித்து வைத்து, பின்பக்கம் மட்டும் அகல இலாஸ்டிக் கோத்துத் தைத்தார். முன்பக்கம் அடிவயிற்றின் வளைவுக்கு இறங்கிக் கொடுக்கிறது. கொசுவத்தை அதில் செருகி, உள்ளே ஓர் ஊக்கு குத்தினால் நாள் முழுவதும் அசையவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் இறுக்கமான உடலொட்டிப் பாவாடைகள் புடவைக்கு ஒடிசலான தோற்றம் தரும் என்பது உண்மை; கர்ப்பத்தில் அவை வேண்டவே வேண்டாம். தொடையையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிப்பதால் வியர்வையும் கால் வீக்கமும் கூடுகின்றன, படியேறுவதே கடினம்.

புடவையில் எது நல்லது என்றால், துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திதான் என்பேன். சின்னாளப்பட்டிச் சுங்குடி எனக்கு மிக ஏற்றதாக இருந்தது. கனமில்லை, உடலோடு படியும், வியர்வையை உறிஞ்சும், பழகப் பழக மெத்தென்றாகும். விறைப்பாகக் கஞ்சி போட்ட புடவை வயிற்றுக்கு முன்னால் தனியாக உப்பி நிற்கும். முந்தானையைத் தோளில் மடித்துக் குத்துவதைவிட, ஒற்றையாக விட்டு இடக்கையில் ஏந்தினால் வயிற்றுப்பக்கம் துணி அழகாக விழும். மறைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வயிறு தெரிவதில் கூச்சப்பட எதுவுமில்லை. நன்றாக வெட்டிய உடையில் அந்த வளைவே அழகு.

இந்தத் தையல் வேலைக்கு நான் கொடுத்த மொத்தப் பணம், கடையில் ஒரு நல்ல குர்த்திக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஒரே குறை நேரம்தான். பண்டிகைக்கும் முகூர்த்த நாட்களுக்கும் முன்னால் கொடுத்தால் கைக்கு வரத் தாமதமாகும், கர்ப்பத்திலோ தாமதமாக வரும் உடை அளவு தவறிய உடையாகிவிடும்.

வளைகாப்புக்கு உடுத்துவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ மணையில் உட்கார்ந்து, வருகிறவர்களெல்லாம் சந்தனம் பூசி வளையல் போட்டு முடிக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு அகலச் சரிகை போட்ட கனத்த காஞ்சிப் பட்டைக் கட்டச் சொல்வது வழக்கம். என் கருத்து, சிறு கரை கொண்ட மென்பட்டு போதும். அதே அழகு வரும், கனம் வராது. மணைப்பலகையில் உட்காருவது கடினமாக இருந்தால் முதுகு சாய்கிற நாற்காலி கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வளையல் அளவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் கடைகளில் இரண்டு நாலு, இரண்டு ஆறு என்று சொல்லும் அளவுகள் அங்குலமும் அதில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கும் ஆகும். இரண்டு நாலு என்பது இரண்டேகால் அங்குல உள்விட்டம். கை வீங்கியிருக்கும் காலத்தில், வழக்கமான அளவைவிட ஒரு படி பெரியதை வாங்கச் சொல்லுங்கள். கண்ணாடி வளையலை வலிந்து ஏற்றினால் உடையும், கையைக் கிழிக்கும். விரல் மோதிரத்தையும் வீக்கம் வரும் முன்பே கழற்றி வைப்பது நல்லது.

உள்ளாடையில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெளியே தெரியாத இந்த ஒன்றுதான் நாள் முழுவதும் நாம் எப்படி நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. கம்பி வைக்காத, அகலத் தோள்பட்டி கொண்ட, பின்னால் மூன்று நான்கு வரிசைக் கொக்கி உள்ள பருத்தி உள்ளாடை வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் வாங்கும்போது கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த நிலையில், சரியாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு விலாக்கூடு பழைய நிலைக்குச் சுருங்கும்போது உள்வரிசைகளுக்கு மாறிக்கொள்ளலாம். பாலூட்டும் வகையில் மேலே ஒரு கிளிப் இருக்கும். அதையும் ஒரு கையால் கழற்றிப் பாருங்கள். கிண்ணத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கட்டும், பால் இறங்கும் நாட்களில் அந்த இடம் தேவைப்படும். கீழாடைகளில் வயிற்றுக்குக் கீழே நிற்கும் பருத்தி வகை போதும். வெள்ளைப்படுதல் சற்றுக் கூடுவது இயல்பு, அதனால் எண்ணிக்கையில் கூடுதலாக வைத்திருங்கள். அரிப்போ நாற்றமோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நைட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரோட்டுச் சந்தையிலிருந்து வரும் பருத்தி நைட்டிகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன, விலையும் கட்டுப்படியாகும். மருத்துவமனைக்கு எடுத்துப்போவதற்கு மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முன்பக்கம் திறக்க வேண்டும். கை அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அதற்கு மேல் ஏற வேண்டும், குளுக்கோஸ் குழாய் மாட்டிய கையோடு உடை மாற்ற வேண்டியிருக்கும். அறுவைப் பிரசவம் ஆனால் தையல் போட்ட இடம் சரியாக இலாஸ்டிக் நிற்கும் உயரம். சில வாரங்களுக்கு நைட்டியே கதி. அதன் பிறகு வயிற்றை மூடி மேலே ஏறும் லெகிங்ஸ், நான் முன்பு அவ்வளவாக விரும்பாத அதே வகை, தழும்பைத் தொடாமல் இருப்பதால் மிகவும் ஆறுதலாக இருந்தது.

வயிற்றைத் தாங்கும் பெல்ட் எல்லோருக்கும் தேவையில்லை. இடுப்பெலும்பு மூட்டில் வலி உள்ளவர்களுக்கு, நடக்கும்போதும் நிற்கும்போதும் சில மணி நேரம் போட்டால் நல்ல ஆறுதல் தருகிறது. படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். மருத்துவரிடமோ உடலியக்க மருத்துவரிடமோ காட்டி, எந்த உயரத்தில் கட்டுவது என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள், வயிற்றின் நடுவில் கட்டினால் பயனில்லை. கால் வீக்கத்துக்கான அழுத்தக் காலுறையும் அப்படித்தான், அழுத்த அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்; காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டால்தான் பலன். செருப்பில் பின்பட்டை உள்ள, தட்டையான, அரை அளவு பெரியதைப் பாருங்கள்; குனிந்து மாட்ட வேண்டிய கொக்கி வேண்டாம். மாலையில் கால் வீங்குவது வழக்கம்தான். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், பார்வை மங்கினால், செருப்புக் கடைக்கு அல்ல, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவை இரத்த அழுத்தம் ஏறியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

இந்த உடைகளை விற்கும் கடைகளில் பணம் கட்டும் இடத்திலேயே வயிற்று வரிகளுக்கான எண்ணெயும் களிம்பும் அடுக்கி வைத்திருப்பார்கள். "இதப் போட்டா கோடே விழாதுக்கா" என்று விற்கும் தங்கை உறுதியாகச் சொல்வாள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 800 பெண்கள் பங்கேற்ற 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய பூச்சுகள் வரிகளைத் தடுக்கும் என்பதற்குத் தரமான சான்று இல்லை என்று முடிவு சொன்னது. தோல் விரியும் வேகமும் பரம்பரையும்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும் விரியும் தோலில் அரிப்பும் வறட்சியும் உண்மை. அதற்கு ஈரப்பதம் தரும் எந்த எளிய பூச்சும், நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும்கூட, இதம் தருகிறது. குளித்து ஈரம் முழுதும் காயும் முன் தடவி, அது தோலில் இறங்கிய பிறகு பருத்தி உடையைப் போட்டால் அரிப்பு வெகுவாகக் குறைகிறது. ரெட்டினாய்டு என்னும் வைட்டமின் ஏ வகைப் பொருள் கலந்த களிம்புகளைக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டும். பொருட்பட்டியலைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தடிப்பு எதுவும் இல்லாமலே, இரவில் அரிப்பு கடுமையானால் அது துணியாலோ வறட்சியாலோ வந்ததாக இருக்காது. கல்லீரல் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், கல்லீரலைச் சோதிக்க மருத்துவரிடம் போக வேண்டும்.

கடையில் வாங்குவதா இணையத்தில் வாங்குவதா என்று கேட்டால், லெகிங்ஸையும் உள்ளாடையையும் கையால் தொட்டு வாங்குங்கள் என்பேன். ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் சாலையிலும் உள்ள பெரிய கடைகளில் உடை மாற்றிப் பார்க்கும் அறை உண்டு. ஆனால் உள்ளே உட்கார ஒரு முக்காலி வைத்திருக்கும் கடைகள் அரிது. ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாற்றுவது எட்டாம் மாதத்தில் ஆபத்தானது, ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், நாற்காலி கேட்கத் தயங்காதீர்கள். உடையைப் போட்டதும் நின்று மட்டும் பார்க்காமல் உட்கார்ந்து, குனிந்து, கையை மேலே தூக்கிப் பாருங்கள். குர்த்தியை இணையத்தில் வாங்கலாம், ஆனால் தோள் அகலத்தையும் முன்நீளத்தையும் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. திருப்பூரிலிருந்து உலகமெங்கும் பனியன் துணி உடைகள் போகின்றன. நுட்பமும் திறமையும் இங்கே இருக்கின்றன. அப்படியிருக்க, நம் பெண்களுக்காக இங்கே விற்கும் கர்ப்பகால உடையின் சீட்டில் எம், எல், எக்ஸ்எல் என்று ஓர் எழுத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு, அது கர்ப்பத்துக்கு முந்தைய அளவா இப்போதைய அளவா என்றுகூடச் சொல்லாமல் விடுவது சரியில்லை. எந்த மாதம் வரை வயிற்றுச் சுற்றளவுக்கு அது விரிந்து கொடுக்கும், தோள் எவ்வளவு, முன்நீளம் எவ்வளவு, துணியில் எது எத்தனை விழுக்காடு என்று ஒரு சிறு சீட்டில் தமிழில் அச்சிட ஆகும் செலவு மிகக் குறைவு. கூடவே குர்த்தியின் பக்கத் தையலில் ஒரு பையும் வையுங்கள். மாத்திரையும் கைப்பேசியும் மருத்துவமனைச் சீட்டும் கையிலேயே வைத்திருக்க வேண்டிய காலம் அது.